காப்பி, அணை, எண்ணெய்: போர்ச்சுகலின் ஆப்பிரிக்கப் போர்களும் வெளிநாட்டு ஆதரவாளர்களும்

1972-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நெதர்லாந்தில் காப்பியைப் பற்றி ஒரு பிரச்சாரம் கிளம்பியது. அந்த நாடு இறக்குமதி செய்த காப்பிக் கொட்டையில் கால் பங்குக்கும் மேல் அங்கோலாவிலிருந்து வந்துகொண்டிருந்தது. அங்கோலா அப்போது போர்ச்சுகலின் காலனி. அங்கே 1961 முதல் விடுதலைப் போர் நடந்துவந்தது. பிரச்சாரத்தின் வாதம் எளிமையானது: இந்தக் காப்பியை வாங்குகிறவர் அந்தப் போருக்குப் பணம் கட்டுகிறார். கொஞ்ச காலத்திலேயே, நாட்டின் மிகப் பெரிய பேரங்காடி நிறுவனமான ஆல்பர்ட் ஹைன் அங்கோலாக் காப்பி வாங்குவதை நிறுத்தியது. மற்ற காப்பி நிறுவனங்களும் பின்தொடர்ந்தன.

இந்தப் பிரச்சாரத்தை நடத்தியது 1961-இல் தொடங்கப்பட்ட அங்கோலா கமிட்டி என்ற சிறிய குழு. சீட்ஸ பொஸ்க்ரா அதன் முக்கிய அமைப்பாளர். பத்து ஆண்டுகளுக்கும் மேலாக அவர்கள் செய்தது பெரும்பாலும் மேசை வேலை. போர்ச்சுகலுக்கு யார் ஆயுதம் தருகிறார்கள், எந்த வங்கி கடன் தருகிறது, எந்தக் கப்பலில் என்ன சரக்கு வருகிறது என்று தேடித் தேடித் தொகுத்தார்கள். தன் வீட்டு அலமாரியில் இருக்கும் ஒரு பொருளைத் தொலைதூரப் போரோடு பொருத்திக் காட்டினால் சாதாரண மனிதர் அதை விட்டு விலகி நிற்க முடியாது என்பதைக் கண்டுபிடித்ததுதான் அவர்களுடைய பெரிய சாதனை.

ஏன் காப்பி? அங்கோலாவின் வடக்குப் பகுதியில் ஆப்பிரிக்க விவசாயிகளின் நிலத்தைப் பிடுங்கித்தான் வெள்ளைக் குடியேறிகளின் காப்பித் தோட்டங்கள் வளர்ந்தன. கூலி ஆட்கள் நாட்டின் நடுப்பகுதி மேட்டுநிலத்திலிருந்து ஒப்பந்தம் என்ற பெயரில் கட்டாயப்படுத்திக் கொண்டுவரப்பட்டார்கள். 1961 மார்ச்சில் அந்தத் தோட்டப் பகுதியில்தான் எழுச்சி வெடித்தது. அதில் வெள்ளையர்கள் பலர் கொல்லப்பட்டார்கள். தோட்ட வேலைக்கு வந்திருந்த ஆப்பிரிக்கர்களும் தப்பவில்லை. போர்ச்சுகலின் பதிலடியில் பல்லாயிரம் ஆப்பிரிக்கர்கள் உயிரிழந்தார்கள். அதற்குப் பிறகும் காப்பி ஏற்றுமதி குறையவில்லை. உலகின் பெரிய காப்பி நாடுகளில் ஒன்றாக அங்கோலா இருந்தது.

கொஞ்சம் பின்னணி சொல்ல வேண்டும். பிரிட்டனும் பிரான்சும் காலனிகளை விட்டு வெளியேறிக்கொண்டிருந்த 1960-களில், போர்ச்சுகல் மட்டும் அசையவில்லை. சலாசாரின் சர்வாதிகார அரசு 1951-லேயே காலனிகளுக்குக் ‘கடல்கடந்த மாகாணங்கள்’ என்று பெயர் மாற்றியிருந்தது. மாகாணம் என்றால் உள்நாட்டு விவகாரம். ஐக்கிய நாடுகள் சபை கேள்வி கேட்க முடியாது என்பது கணக்கு. அங்கோலாவில் 1961-இலும், கினி-பிசாவில் 1963-இலும், மொசாம்பிக்கில் 1964-இலும் ஆயுதப் போராட்டம் தொடங்கியது. ஒரு கோடிக்கும் குறைவான மக்கள்தொகை கொண்ட ஏழை நாடு ஒரே நேரத்தில் மூன்று போர்களை நடத்தியது. அரசுச் செலவில் ஏறத்தாழ 40 சதவீதம் போருக்குப் போனது. இது எப்படிச் சாத்தியமானது?

நேட்டோவால்தான். போர்ச்சுகல் 1949-இல் நேட்டோவைத் தொடங்கிய நாடுகளில் ஒன்று. அமெரிக்காவுக்கு அட்லாண்டிக் நடுவே அசோர்ஸ் தீவுகளின் விமானத்தளம் தேவைப்பட்டது. 1961-இல் கென்னடி அரசு ஐ.நா.வில் போர்ச்சுகலுக்கு எதிராக வாக்களித்தது. அசோர்ஸ் ஒப்பந்தம் முடிகிற நேரம் நெருங்கியதும் குரல் தணிந்துவிட்டது. மேற்கு ஜெர்மனி ஃபியட் போர் விமானங்களைக் கொடுத்தது. நேட்டோ பாதுகாப்புக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. அவை ஆப்பிரிக்கக் கிராமங்களின் மேல் பறந்தன. அதாவது, ஐரோப்பிய, அமெரிக்கக் குடிமக்களின் வரிப்பணம் ஏற்கெனவே இந்தப் போரில் ஒரு பக்கம் நின்றுகொண்டிருந்தது. ஆதரவுக் குழுக்கள் இதை முதலில் புரியவைக்க வேண்டியிருந்தது. தூரத்து மக்களுக்குக் கருணை காட்டுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. உங்கள் அரசு செய்வதை நிறுத்துங்கள் என்று கேட்டார்கள்.

இந்தக் கதையை ஐரோப்பாவிலிருந்து மட்டும் சொன்னால் தவறாகிவிடும். முதல் ஆதரவு அண்டை வீட்டிலிருந்து வந்தது. இன்றைய தான்சானியாவின் அன்றைய தலைநகரான தார் எஸ் சலாமில்தான் 1962-இல் மொசாம்பிக்கின் விடுதலை முன்னணியான ஃபிரெலிமோ உருவானது. ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் விடுதலைக் குழுவும் 1963 முதல் அங்கிருந்தே இயங்கியது. நைரேரே தலைமையிலான அந்த ஏழை நாடு அகதிகளுக்கு இடம் கொடுத்தது, பயிற்சி முகாம்களுக்கு நிலம் கொடுத்தது. மேற்கே, கினி-பிசாவின் அண்டை நாடான கினி குடியரசின் தலைநகர் கொனாக்ரி, கினி-பிசாவ் விடுதலைத் தலைவர் அமில்கார் கப்ராலின் இயக்கமான பிஏஐஜிசி-க்குத் தளமாக இருந்தது. இதற்கு விலையும் கொடுத்தார்கள். 1969 பிப்ரவரியில் ஃபிரெலிமோ தலைவர் எதுவார்தோ மொண்ட்லானே தார் எஸ் சலாமில் பார்சல் குண்டுக்குப் பலியானார். 1970 நவம்பரில் போர்ச்சுகல் படை கடல் வழியாக வந்து கொனாக்ரியையே தாக்கியது. கடைக்குப் போகாமல் இருப்பதற்கும் தன் தலைநகரத்தில் குண்டு விழுவதைத் தாங்குவதற்கும் உள்ள வித்தியாசத்தை மறக்கக்கூடாது. ஆயுதங்கள் சோவியத் யூனியனிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்தன. கியூபா 1966 முதல் கினி-பிசாவுக்கு மருத்துவர்களையும் ராணுவ ஆலோசகர்களையும் அனுப்பியது.

இந்தியாவுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1961 ஏப்ரலில் காசாபிளாங்காவில் போர்ச்சுகல் காலனிகளின் தேசிய இயக்கங்கள் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கியபோது, கோவா அமைப்புகளும் அதில் சேர்ந்தன. அந்த டிசம்பரிலேயே இந்திய ராணுவம் கோவாவுக்குள் நுழைந்தது. 450 ஆண்டு போர்ச்சுகீசிய ஆட்சி இரண்டு நாளுக்குள் முடிந்தது. கோவாவில் பிறந்த அக்கினோ டி பிரகான்சா என்ற பத்திரிகையாளர் அந்தக் கூட்டமைப்பில் முக்கியப் பங்கு வகித்தார், பல ஆண்டுகள் அல்ஜியர்ஸிலிருந்து இயங்கினார். மொசாம்பிக் விடுதலைக்குப் பிறகு அதன் தலைநகர் மபூட்டோவில் பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க ஆய்வு மையத்தை நடத்தினார். 1982-இல் தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ரூத் ஃபர்ஸ்ட் அதே மையத்தில் கடிதக் குண்டால் கொல்லப்பட்டபோது பிரகான்சாவும் அந்த அறையில் இருந்தார், காயமடைந்தார். 1986-இல் மொசாம்பிக் அதிபர் சமோரா மஷேலின் விமானம் விழுந்து நொறுங்கியபோது அதில் இருந்தவர்களில் அவரும் ஒருவர். ஆப்பிரிக்காவில் அவர் பெயர் தெரிந்த அளவுக்கு இந்தியாவில் தெரியாதது எனக்கு வருத்தம்தான்.

சரி, ஐரோப்பாவுக்குத் திரும்புவோம். அங்கே நடந்தவற்றில் நான் மிகவும் மதிப்பது ஸ்வீடன் விஷயம். 1969-இல் ஸ்வீடன் நாடாளுமன்றம் விடுதலை இயக்கங்களுக்கு நேரடியாக உதவலாம் என்று முடிவு செய்தது. ஒரு மேற்கத்திய அரசு, இன்னொரு மேற்கத்திய அரசோடு போரிடும் இயக்கத்துக்கு உதவுவது அப்போது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஆயுதம் கிடையாது, பொருள் மட்டும். என்ன பொருள் என்பதைத்தான் கவனிக்க வேண்டும். பட்டியலைக் கப்ராலின் இயக்கமே கொடுத்தது.

அமில்கார் கப்ரால் வேளாண் பொறியாளர். 1950-களில் போர்ச்சுகல் அரசின் ஊழியராகக் கினி-பிசாவ் முழுவதும் அலைந்து விவசாயக் கணக்கெடுப்பு நடத்தியவர். எந்தக் கிராமத்தில் என்ன விளைகிறது, யார் யாருக்குக் கடன்பட்டிருக்கிறார்கள் என்று அறிந்தவர். காலனி ஆட்சியில் நிலக்கடலையையும் அரிசியையும் வாங்கி, துணியும் உப்பும் விற்றது போர்ச்சுகலின் பெரிய வணிக நிறுவனங்கள். விடுவிக்கப்பட்ட பகுதிகளில் அந்தக் கடைகள் போய்விட்டால் விவசாயி துணிக்கும் உப்புக்கும் எங்கே போவார்? ‘மக்கள் கடை’ என்ற ஏற்பாட்டை இயக்கம் உருவாக்கியது. விவசாயி நெல்லையோ தோலையோ கொண்டுவருவார்; பதிலுக்குத் துணி, சர்க்கரை, மண்வெட்டி வாங்கிப் போவார். ஸ்வீடனிலிருந்து வந்த சரக்கு இந்தக் கடைகளை நிரப்பியது. மருந்து வந்தது, லாரி வந்தது, மீன் டின் வந்தது. இயக்கத்தின் பள்ளிப் பாடப்புத்தகங்கள் ஸ்வீடனின் உப்சாலா நகரில் அச்சாகி, கினி-பிசாவின் காட்டுக்குள் இருந்த பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்தன.

மக்கள் யாரோ ஒருவரின் மண்டையில் இருக்கும் கருத்துகளுக்காகப் போராடுவதில்லை, வாழ்க்கை நன்றாவதற்காகத்தான் போராடுகிறார்கள் என்று கப்ரால் தன் தோழர்களிடம் வலியுறுத்தி வந்தார். போருக்கு நடுவே ஒரு கடையில் துணி கிடைத்தால், அது ஒரு புதிய அரசு பிறந்துவிட்டது என்பதற்குச் சான்று. இதை உணர்ந்து, ஸ்வீடன் தனக்குப் பிடித்ததை அனுப்பாமல் இயக்கம் கேட்டதை அனுப்பியதால்தான் அந்த உதவிக்கு எடை இருந்தது. 1972 ஏப்ரலில் ஐ.நா.வின் சிறப்புக் குழு ஒன்று ரகசியமாக விடுவிக்கப்பட்ட பகுதிக்குள் நுழைந்து இந்தப் பள்ளிகளையும் மருத்துவ நிலையங்களையும் நேரில் பார்த்தது. அதில் ஸ்வீடன்காரர் ஒருவரும் இருந்தார். கப்ரால் 1973 ஜனவரி 20-ஆம் தேதி கொனாக்ரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆனால் அதே ஆண்டு செப்டம்பரில் கினி-பிசாவ் தானாகவே சுதந்திரத்தை அறிவித்தபோது, நவம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் 93 நாடுகள் அதை ஏற்று வாக்களித்தன. போர்ச்சுகல் படை இன்னும் தலைநகரில் உட்கார்ந்திருக்கும்போதே, ஆக்கிரமிப்பாளர் அவர்கள்தான் என்று உலகம் சொல்லிவிட்டது.

இத்தாலியில் ரெஜ்ஜோ எமிலியா என்ற நகரத்தின் மருத்துவமனை, 1970-இல் ஃபிரெலிமோவின் மருத்துவமனையோடு நட்பு ஒப்பந்தம் செய்துகொண்டு, மருந்தும் கருவிகளும் அனுப்பியது. அதே ஆண்டு ஜூனில் ரோமில் போர்ச்சுகல் காலனிகளின் மக்களுக்கான ஆதரவு மாநாடு நடந்தது. அது முடிந்த கையோடு, ஜூலை 1 அன்று போப் ஆறாம் பவுல் விடுதலை இயக்கத் தலைவர்களான கப்ரால், அங்கோலாவின் அகுஸ்தினோ நெட்டோ, மொசாம்பிக்கின் மார்செலினோ தோஸ் சாந்தோஸ் மூவரையும் வத்திக்கானில் சந்தித்தார். சந்திப்பு சில நிமிடங்கள்தான். கத்தோலிக்க நாகரிகத்தைக் காக்கவே போரிடுகிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்த போர்ச்சுகல் அரசு, தலைநகர் லிஸ்பனில் கொதித்துப்போய் வத்திக்கானிலிருந்த தன் தூதரைத் திரும்ப அழைத்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் உலகத் திருச்சபைகள் மன்றமும், இனவெறிக்கு எதிரான தன் நிதியிலிருந்து விடுதலை இயக்கங்களுக்குப் பணம் ஒதுக்கியது. ஐரோப்பியத் தேவாலயங்களுக்குள் அதனால் பெரிய சண்டையே மூண்டது.

எல்லாப் பிரச்சாரமும் வென்றுவிடவில்லை. மொசாம்பிக்கின் ஜாம்பேசி ஆற்றின் குறுக்கே கஹோரா பாசா என்ற மாபெரும் அணையைக் கட்ட போர்ச்சுகல் திட்டமிட்டது. மின்சாரத்தை தென்னாப்பிரிக்காவின் வெள்ளை அரசு வாங்கிக்கொள்ளும். ஆற்றங்கரையில் வெள்ளைக் குடியேறிகள் வருவார்கள். ஃபிரெலிமோ தெற்கே இறங்குவதை அது தடுக்கும். ஸ்வீடனில் எழுந்த எதிர்ப்பால் ஆசெயா நிறுவனம் 1969-இல் விலகியது. இத்தாலி அரசும் கடன் உத்தரவாதம் தர மறுத்தது. பிரிட்டனில் பார்க்லேஸ் வங்கிக்கு எதிராகப் போராட்டங்கள் நடந்தன. ஆனாலும் விலகியவர்களின் இடத்தை வேறு நிறுவனங்கள் நிரப்பின, அணை எழும்பியது. அதன் பெரும்பான்மை உரிமை மொசாம்பிக்கின் கைக்கு வந்தது 2007-இல்தான்.

அமெரிக்காவில் இலக்கு எண்ணெய். அங்கோலாவின் கபிண்டா பகுதியில் கல்ஃப் நிறுவனம் எண்ணெய் எடுத்தது. அது கட்டிய வரியும் உரிமைத்தொகையும் காலனி அரசின் கஜானாவை நிரப்பின. 1972 ஏப்ரலில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் கறுப்பின மாணவர்கள், கல்ஃப் பங்குகளை விற்கச் சொல்லி நிர்வாகக் கட்டடத்தை ஒரு வாரத்துக்கு ஆக்கிரமித்தார்கள். ஹார்வர்ட் விற்கவில்லை. அன்று தோற்ற அந்தக் கோரிக்கைதான் பிற்பாடு, 1980-களில், தென்னாப்பிரிக்காவோடு தொழில் செய்யும் நிறுவனங்களின் பங்குகளை விற்கச் சொல்லி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களெங்கும் ஒலித்தது.

லண்டனில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிரிட்டனுக்கும் போர்ச்சுகலுக்கும் 1373-இல் கையெழுத்தான நட்பு ஒப்பந்தத்தின் 600-ஆவது ஆண்டு 1973-இல் வந்தது. விழாவுக்குச் சலாசாரின் வாரிசான பிரதமர் மார்செலோ கயெட்டானோ ஜூலையில் லண்டன் வருவதாக ஏற்பாடு. மொசாம்பிக், அங்கோலா, கினி விடுதலைக்கான பிரிட்டிஷ் குழு, இந்தக் கூட்டணியை முறிக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் பிரச்சாரம் செய்துவந்தது. 1968-இல் தொடங்கிய சிறிய குழு அது. கயெட்டானோ வருவதற்குச் சில நாட்கள் முன்பு, ஜூலை 10 அன்று, டைம்ஸ் நாளிதழின் முதல் பக்கத்தில் ஏட்ரியன் ஹேஸ்டிங்ஸ் என்ற கத்தோலிக்கப் பாதிரியார் தந்த செய்தி வெளியானது. 1972 டிசம்பர் 16 அன்று, மொசாம்பிக்கின் டெட்டே மாகாணத்தில் விரியாமு என்ற ஊரிலும் பக்கத்துக் கிராமங்களிலும் போர்ச்சுகல் படை ஏறத்தாழ 400 பேரைக் கொன்றது என்பது செய்தி. குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அதில் அடக்கம்.

அப்படி ஓர் ஊரே கிடையாது, வரைபடத்தில் இல்லை என்று லிஸ்பன் மறுத்தது. இந்தச் செய்தி லண்டனுக்கு வந்த வழியைப் பார்த்தால், அதற்கு யார் உயிரைப் பணயம் வைத்தார்கள் என்று புரியும். உயிர் பிழைத்த கிராமத்தவர்கள் சொன்னார்கள். தொமிங்கோஸ் ஃபெராவ் என்ற மொசாம்பிக் பாதிரியார் இறந்தவர்களின் பெயர்களைத் திரட்டினார். ஸ்பெயின் நாட்டு மிஷனரிகள் அந்த அறிக்கையை ரகசியமாக நாட்டை விட்டு வெளியே கொண்டுபோனார்கள். கடைசிக் கண்ணியாகத்தான் ஹேஸ்டிங்ஸும் லண்டன் பத்திரிகையும் வருகிறார்கள். கயெட்டானோவின் வருகை முழுவதும் எதிர்ப்பு ஊர்வலமாக முடிந்தது. எதிர்க்கட்சித் தலைவர் ஹரோல்ட் வில்சன் வருகையை ரத்து செய்யச் சொன்னார். 2022 செப்டம்பரில் போர்ச்சுகல் பிரதமர் அந்தோனியோ கோஸ்டா, மபூட்டோவில் நின்று விரியாமுவுக்காக மன்னிப்புக் கேட்டார்.

எதிர்ப்பு போர்ச்சுகலுக்கு உள்ளேயும் இருந்தது. நான்கு ஆண்டு வரை நீளும் கட்டாய ராணுவ சேவையிலிருந்து தப்பி, லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் பிரான்சுக்கும் மற்ற நாடுகளுக்கும் போய்விட்டார்கள். நெதர்லாந்திலும் ஸ்வீடனிலும் ஆதரவுக் குழுக்கள் இவர்களுக்குத் தங்குமிடமும் அகதி உரிமையும் கிடைக்க உழைத்தன. எங்கள் போர் போர்ச்சுகல் மக்களோடு இல்லை, காலனியாட்சியோடுதான் என்று கப்ரால் தொடர்ந்து பேசியது வீண்போகவில்லை. 1974 ஏப்ரல் 25 அன்று லிஸ்பனில் சர்வாதிகாரத்தைக் கவிழ்த்த இளம் அதிகாரிகளில் பலர் கினி-பிசாவில் போரிட்டுச் சலித்தவர்கள். அடுத்த ஆண்டு ஜூன் 25-இல் மொசாம்பிக்கும், நவம்பர் 11-இல் அங்கோலாவும் சுதந்திர நாடுகள்.

காப்பிப் புறக்கணிப்பு போர்ச்சுகலின் முதுகெலும்பை உடைத்ததா என்று கேட்டால், இல்லை. அங்கோலாக் காப்பிக்கு வேறு சந்தைகள் இருந்தன. போரை வென்றது அங்கே போரிட்டவர்கள். ஆனால் 1973-இல் பதவிக்கு வந்த நெதர்லாந்து அரசு விடுதலை இயக்கங்களுக்கு உதவத் தொடங்கியதற்கும், நேட்டோவுக்குள்ளேயே லிஸ்பனைப் பார்த்து முகம் சுளிக்கும் நாடுகள் உருவானதற்கும் இந்த வகைப் பிரச்சாரங்கள் வழிசெய்தன. அங்கோலா கமிட்டி பிறகு தென்னாப்பிரிக்கா பக்கம் திரும்பியது. 1980-இல் ஆம்ஸ்டர்டாமில் கப்பல் போக்குவரத்து ஆய்வு அலுவலகம் ஒன்று அதன் முயற்சியில் தொடங்கியது. தடையை மீறித் தென்னாப்பிரிக்காவுக்கு ரகசியமாக எண்ணெய் கொண்டுபோன கப்பல்களின் பெயரையும் உரிமையாளரையும் கண்டுபிடித்து வெளியிடுவது அதன் வேலை. காப்பி மூட்டையைப் பின்தொடர்ந்த அதே பொறுமை.

அப்புறம், சொல்லியே ஆக வேண்டிய கசப்பான பகுதி. அங்கோலாவில் விடுதலை இயக்கம் ஒன்றல்ல, மூன்று. ஐரோப்பிய ஆதரவுக் குழுக்களில் பெரும்பாலானவை அகுஸ்தினோ நெட்டோவின் எம்பிஎல்ஏ இயக்கத்தின் பக்கம் நின்றன. தென்னாப்பிரிக்கப் படை 1975-இல் எதிர்த்தரப்போடு சேர்ந்து அங்கோலாவுக்குள் நுழைந்த பிறகு அந்தத் தேர்வில் நியாயம் இருந்தது. ஆனால் ஓர் இயக்கத்துக்கு ஆதரவு என்பது அந்த இயக்கம் அரசான பிறகு அதன் தலைமைக்கு ஆதரவாக மாறிவிட்டது. 1977 மே 27 அன்று அங்கோலாவின் தலைநகர் லுவாண்டாவில் எம்பிஎல்ஏ-வுக்குள் ஒரு கிளர்ச்சி நடந்தது. அதை அடக்குவதாகச் சொல்லி அரசு ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. பலருக்கு விசாரணைகூட இல்லை. கோவா பெற்றோருக்குக் கபிண்டாவில் பிறந்து, லிஸ்பன் மாணவர் இயக்கத்தில் வளர்ந்து, புதிய நாட்டைக் கட்ட லுவாண்டா திரும்பிய சீதா வாலெஸும் அப்படிக் கொல்லப்பட்டவர்களில் ஒருவர். 26 வயதுகூட நிறைந்திருக்கவில்லை. மொசாம்பிக்கில் மறுகல்வி முகாம்கள் என்ற பெயரில் ஆயிரக்கணக்கானவர்கள் அடைக்கப்பட்டதும் இதே ஆண்டுகளில்தான்.

விரியாமுவுக்காக உரக்கப் பேசியவர்களிடமிருந்து இவற்றுக்கு அதே உரத்த குரல் எழவில்லை. தென்னாப்பிரிக்கா எல்லையில் நிற்கும்போது விமர்சித்தால் எதிரிக்கு உதவியாகிவிடும் என்ற பயம் உண்மையானது. அதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் பொய் சொல்லாதீர்கள், எளிதான வெற்றிகளைக் கொண்டாடாதீர்கள் என்று தன் கட்சிக்காரர்களுக்கு 1965-லேயே எழுதியவர் கப்ரால். அவருடைய ஆதரவாளர்களுக்கும் அது பொருந்தும் என்றே நினைக்கிறேன். அங்கோலா அதிபர் ஜோவாவ் லொரென்சோ 1977 கொலைகளுக்காக நாட்டின் பெயரால் மன்னிப்புக் கேட்டது 2021 மே மாதத்தில்தான். அதுவரை 44 ஆண்டுகள், இறந்தவர்களின் குடும்பங்களில் பலருக்கு இறப்புச் சான்றிதழ்கூடக் கொடுக்கப்படவில்லை.